காயலான் கடைக்குப் போன கதிர்வீச்சு!

உங்கள் பிள்ளை காலேஜில் கெமிஸ்ட்ரி படிக்கிறானா? கையில் ஆசிட் கொட்டிவிடுமோ, கண்ணில் தெறித்துவிடுமோ என்று பயப்படுவீர்கள். நியாயம்தான். ஆனால் லேபில் உபயோகித்து முடித்ததெல்லாம் எங்கே போகிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

தில்லியில் 2010-ல் நடந்ததைக் கேளுங்கள். தில்லி பல்கலைக்கழக கெமிஸ்ட்ரி துறையில் காமாக் கதிர் பாய்ச்சும் இயந்திரம் ஒன்று இருந்தது. 1970 வாக்கில் கனடாவிலிருந்து வந்தது. 1985-க்குப் பிறகு அதைத் தொடுவாரில்லை. பிப்ரவரி 2010-ல் பழைய சாமான்களோடு அதையும் ஏலம் விட்டுவிட்டார்கள், உள்ளே இருந்த கோபால்ட்-60-ஐ எடுக்காமலேயே!

மாயாபுரி காயலான் கடைகளுக்கு அது வந்து சேர்ந்தது. ஈயத்துக்கு நல்ல விலையாச்சே, கவசத்தை உரித்தார்கள். உள்ளே இருந்ததையும் துண்டு போட்டார்கள். ஒரு கடைக்காரர் ஒரு துண்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு பேன்ட் பின்பாக்கெட்டில் சுமந்திருக்கிறார். அந்த இடமே புண்ணாகிவிட்டது. இன்னொருவருக்குக் கை கறுத்து, முடி கொட்டியது. ஏப்ரல் மாதம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் ஒருவர் இறந்தே போனார்.

‘அத்தனை வருஷம் சும்மா கிடந்ததே, வீரியம் போயிருக்காதா?’ என்பீர்கள். கோபால்ட்-60-ன் வீரியம் பாதியாகக் குறைய 5 வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அடுத்த 5 வருஷத்தில் அந்தப் பாதியில் பாதி. இப்படி 40 வருஷம் தேய்ந்தும், மிச்சமிருந்தது ஓர் உயிரை வாங்கப் போதுமானதாக இருந்தது.

இதில் கொடுமை, தொடும்போது ஒன்றுமே தெரியாது. சூடில்லை, வாசனையில்லை, வலியில்லை. வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கதிர் முதலில் தாக்கும். எலும்பு மஜ்ஜை, குடலின் உட்சுவர், முடியின் வேர். முதலில் வாந்தி வரும். பிறகு சில நாள் சரியானதுபோல இருக்கும். அதற்குள் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்து, சாதாரணக் கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடும்.

முறைப்படி என்ன செய்திருக்க வேண்டும்? அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சொல்லி, அனுமதி வாங்கி, கோபால்ட்டைத் தகுந்த இடத்துக்குத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஒரு ரிஜிஸ்தரும், அதைப் புரட்டிப் பார்க்க ஓர் ஆளும் இருந்திருந்தால் போதும். பெரிய விஞ்ஞானமெல்லாம் தேவையில்லை!

ரசாயனக் கழிவும் இப்படித்தான். கேனில் லேபிள் ஒட்டாவிட்டால் உள்ளே இருப்பது யாருக்குத் தெரியும்? நைட்ரிக் ஆசிட் இருக்கிற கேனில் மிச்ச அசிட்டோனை ஊற்றினால் வெடிக்கும். வருஷக்கணக்கில் அலமாரியில் கிடக்கும் ஈத்தர் பாட்டிலைக்கூட நம்பக் கூடாது. காற்றுப்பட்டு உள்ளே பெராக்சைடு சேர்ந்திருந்தால், மூடியைத் திருகும்போதே வெடிக்கலாம். அதனால் திறந்த தேதியை அதன்மேல் எழுதி வைப்பது வழக்கம்.

பையனிடம் இன்றைக்கே கேளுங்கள்: “டேய், மிச்சமானதை எதுல ஊத்துவீங்க?” ‘சிங்க்ல’ என்று பொதுவாகச் சொன்னால், பேராசிரியரைப் பார்த்து நீங்களே விசாரிக்கலாம். லேப் கோட்டை வீட்டுத் துணியோடு போட்டுத் துவைக்காதீர்கள். செருப்போடு லேபுக்கு விடாதீர்கள், மூடிய ஷூ வேண்டும். கண்ணில் ஆசிட் பட்டால் 15 நிமிஷமாவது விடாமல் தண்ணீர்விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், டாக்டரிடம் ஓடுவது அப்புறம்தான்.

பழைய இரும்புச் சாமானில், மஞ்சள் பின்னணியில் மூன்று இறக்கை விசிறி மாதிரி ஒரு சின்னம் தெரிந்தால், தொடாமல் விலகிப்போய் போலீஸுக்குச் சொல்லுங்கள்.