காற்றுக்குக் காத்திருப்போர்

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பத்தைக் கடந்து, பூரணாங்குப்பத்துக் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்குவோர்க்குக் கடல் ஓர் எல்லையாகவே தோன்றும். நிலம் இங்கே முடிந்தது, இனிச் செல்ல வழியில்லை என்று மனம் சொல்லும். நம் முன்னோர்க்கோ கடல் எல்லையன்று. அது ஒரு நெடுஞ்சாலை. ஆறுகள் பல குறுக்கிடும் இந்நிலத்தில், பாலங்கள் தோன்றுமுன், ஊர்விட்டு ஊர் செல்வதற்கும் சுமை கொண்டு போவதற்கும் கரையோரக் கடல்வழி பெரிதும் உதவிற்று. அச்சாலையில் சென்றவை பெருங்கப்பல்கள் மட்டுமல்ல. ஒரு பாயும் சில துடுப்புகளும் கொண்ட சிறு படகுகளும் கட்டுமரங்களுமே மிகுதி.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. பூரணாங்குப்பத்துக்கு வடக்கே, அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கே நடத்திய அகழாய்வில் உரோமை நாட்டு மதுச்சாடிகளும் மட்கலங்களும் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற ‘எரித்திரேயக் கடலின் பெரிப்ளுஸ்’ என்னும் நூல், இக்கடற்கரையின் துறைமுகங்களாகக் கமரா, பொதுக்கே, சோபட்மா என்னும் மூன்றைக் குறிப்பிடுகிறது. கமரா என்பது காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொதுக்கே என்பது அரிக்கமேடும் புதுச்சேரியும் அமைந்த பகுதி என்றும் அறிஞர் பலர் கருதுவர். இத்துறைகளில் கரையை ஒட்டியே செல்லும் உள்நாட்டுக் கலங்கள் இருந்தன என்றும், மரங்களைப் பிணைத்துக் கட்டிய ‘சங்கரா’ என்னும் கலங்களும் இருந்தன என்றும் அந்நூல் கூறுகிறது.

இன்றும் தொடரும் பயணம்

அப்பழைய சாலையில் இன்றும் பாய் விரித்துச் செல்வோர் உளர். அண்மை ஆண்டுகளில், புதுச்சேரித் தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவைச் சேர்ந்த மாணவரும் மாணவியரும் மேல்தளமற்ற பாய்மரப் படகுகளில் புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குச் சென்று திரும்பும் பயணத்தை மேற்கொண்டிருக்கின்றனர். அவ்வழி செல்லும் படகு பூரணாங்குப்பத்துக் கரையையும் சுண்ணாம்பாற்று முகத்துவாரத்தையும் தாண்டியே தெற்கு நோக்க வேண்டும். பின்னர்க் கடலூர்; அதன்பின் வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டை; கொள்ளிடத்து முகத்துவாரத்தை அடுத்த பழையாறு; காவிரி கடலடையும் பூம்புகார்; 1620-இல் டேனிஷ்காரர் கோட்டை கட்டிய தரங்கம்பாடி; இறுதியில் காரைக்கால். நேர்க்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வரும் வழி இது. பயணத்தின் இரு முனைகளும் நம் உயர் மறைமாவட்டத்துக்குள்ளேயே அமைந்திருப்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

காரைக்காலுக்கும் தெற்கே, நாகப்பட்டினத்தைத் தாண்டினால் வேளாங்கண்ணி. புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகள், அன்னை மரியாளை வேண்டிக்கொண்டு, அவர் பிறந்த நாளாகிய செப்டம்பர் 8-ஆம் நாளில் அங்கே கரை சேர்ந்தனர் என்பது வழிவழி வந்த மரபு. அத்திருத்தலத்தின் வரலாற்றில் கடலும் காற்றும் இவ்வாறு கலந்தே நிற்கின்றன.

காற்றின் கணக்கு

வரைபடத்தில் 110 கிலோமீட்டர் பெரிய தொலைவாகத் தோன்றாது. பேருந்தில் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் பாய்ப்படகின் கணக்கு வேறு. நல்ல காற்றில் அது மணிக்கு ஆறு ஏழு கிலோமீட்டர் செல்லும். காற்று நின்றால் அதுவும் நின்றுவிடும், பிறகு துடுப்புத்தான். காற்று எதிர்த்து வீசினாலோ நேரே செல்லவே இயலாது. வலப்புறம் சிறிது, இடப்புறம் சிறிது என்று குறுக்கும் மறுக்குமாக ஓட்டித்தான் முன்னேற வேண்டும். அப்பொழுது பத்துக் கிலோமீட்டர் முன்னேறப் பதினான்கு கிலோமீட்டருக்கு மேலும் ஓட நேரும்.

எனவே கரையோரம் செல்பவன் காற்றின் நாள்முறையை அறிந்திருக்க வேண்டும். இரவில் நிலம் குளிர்ந்துவிடுவதால், விடியுமுன் கரையிலிருந்து கடல் நோக்கிக் காற்று வீசும். பகலில் நிலம் சூடேறியதும் அது திரும்பி, கடலிலிருந்து கரை நோக்கி வீசத் தொடங்கும். தென்மேற்குப் பருவத்தில் இக்கரையில் தெற்கே செல்ல விரும்புவோன், விடியுமுன் புறப்பட்டுக் கரைக்காற்றைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வலுத்ததும் ஏதேனும் ஒரு துறைக்குள் ஒதுங்கிவிடுவது அறிவுடைமை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடை வீசும். நீரோட்டமும் தெற்கு நோக்கி ஓடும். அது தெற்கே போவோர்க்கு உதவியாகத் தோன்றினும், அதுவே புயலின் காலம். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் விடியலில் கடலூருக்கு அருகே கரை கடந்த ‘தானே’ புயலை நம் மக்கள் மறக்கவில்லை.

மேல்தளமற்ற படகில் வேறோர் இடர் உண்டு. உள்ளே விழும் ஒவ்வோர் அலையும் உள்ளேயே தங்கும். ஒருவர் ஓயாமல் நீரை இறைத்துக்கொண்டிருக்க வேண்டும். பாய் பெரிதாயின் படகு சாயும். ஆதலால் காற்று வலுக்கும் முன்பே பாயைச் சுருக்கத் தெரிந்திருக்க வேண்டும். கவிழ்ந்தால், கரை அருகில் தெரிகிறதே என்று நீந்தப் புறப்படாமல், மிதக்கும் படகைப் பற்றிக்கொண்டிருப்பதே உயிர் காக்கும் வழி. நடுக்கடலைவிட முகத்துவாரமே பல வேளைகளில் கொடியது. வடியும் ஆற்றுநீரும் ஏறிவரும் அலையும் மோதும் அந்த மணல்திட்டின்மேல் படகுகள் எளிதில் கவிழ்ந்துவிடும்.

இத்தகைய சிறு படகில் பெருங்கடலையே கடந்தோரும் உண்டு. இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த பிராங்க் டை என்பவர், ‘வாண்டரர்’ என்னும் பெயருடைய, ஐந்து மீட்டர் நீளமும் இல்லாத திறந்த பாய்ப்படகில், ஒரேயொரு துணைவருடன் 1963-இல் ஐஸ்லாந்துக்கும் 1964-இல் நார்வேக்கும் சென்றார். நார்வேப் பயணத்தில் பெரும்புயல் வீசிப் பாய்மரம் முறிந்தது. படகு நான்கு முறை கவிழ்ந்தது. ஒவ்வொரு முறையும் அதை நிமிர்த்தி, நீரை இறைத்து, கடலில் இழுவைத்துணியை விட்டு அணியத்தை அலைக்கு நேராக நிறுத்தி, அவ்விருவரும் உயிர் பிழைத்துக் கரை சேர்ந்தனர். காற்றை வெல்ல முயலாமல், அது தணியும்வரை தாங்கி நின்றதே அவர்களைக் காத்தது.

திரும்பி வந்த புனிதர்

நம் தமிழ்க் கடற்கரையில் நிகழ்ந்த ஒரு பயணத்தை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். 1544-ஆம் ஆண்டு ஜூன் மாதம். வடுகப் படையினரின் தாக்குதலுக்கு அஞ்சிய குமரிமுனைப் பகுதியின் பரதவக் கிறிஸ்தவர்கள், கடலோரப் பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் மடிந்துகொண்டிருந்தனர். செய்தி கேட்ட புனித பிரான்சிஸ் சவேரியார், இருபது தோணிகளில் உணவேற்றிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து குமரிமுனை நோக்கிப் புறப்பட்டார். தொலைவு நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அது தென்மேற்குப் பருவம்; குமரிமுனையோ மணப்பாட்டுக்குத் தென்மேற்கே உள்ளது. காற்று நேர் எதிரே வீசிற்று. துடுப்பு வலித்தும் பயனில்லை; கயிறு கட்டி இழுத்தும் பயனில்லை. தோணிகள் மணப்பாட்டுக்கே திரும்பின. இத்துன்பத்தை அவர் தம் உடனுழைப்பாளரான மான்சிலாசுக்குக் கடிதத்தில் எழுதினார்.

அவருக்கு விசுவாசம் குறைவா? அன்பு குறைவா? பசித்திருப்போர் காத்திருக்கையில் திரும்ப நேர்ந்தபோது அவர் உள்ளம் எவ்வளவு வருந்தியிருக்கும்! ஆயினும் தோணிக்காரரின் உயிரை அவர் பந்தயம் வைக்கவில்லை. கடல்வழி அடைபட்டபோது, பின்னர்த் தரைவழியாகவே குமரிமுனை சென்று அம்மக்களைச் சந்தித்தார். திரும்பியது தோல்வியன்று. வழி மாறியதேயன்றி, நோக்கம் மாறவில்லை.

திருத்தூதர் பணிகள் நூலின் 27-ஆம் அதிகாரமும் இதையே வேறு முகமாகக் காட்டுகிறது. பயணத்துக்குரிய பருவம் கடந்துவிட்டது, மேலே செல்வது கேடு என்று புனித சின்னப்பர் எச்சரித்தார். நூற்றுவர் தலைவரோ கப்பலோட்டியின் சொல்லையும் கப்பல் உரிமையாளரின் சொல்லையுமே நம்பினார். அடுத்த துறை அருகில்தானே, சற்றே கரையோரமாகப் போய்விடலாம் என்பது அவர்கள் எண்ணம். மென்மையான தென்காற்றும் அவர்களுக்குத் துணிவூட்டிற்று. பின்னர்ப் பதினான்கு நாள் புயல். இறையருளால் 276 பேரும் மால்தா தீவில் உயிரோடு கரையேறினர். கப்பலோ உடைந்து போயிற்று.

கரையில் நிற்போரின் பங்கு

அன்புள்ள பெற்றோரே, இல்லத்தரசியரே! இவையெல்லாம் கடலில் செல்வோர்க்கு உரிய பாடம் என்று நாம் விலகிவிட முடியாது. படகு திரும்ப வேண்டுமா, மேலே செல்ல வேண்டுமா என்னும் முடிவு கடலில் மட்டும் எடுக்கப்படுவதில்லை. அதன் பாதி வீட்டில் எடுக்கப்படுகிறது. வெறும் வலையோடு திரும்பினால் வாசலில் கேட்கப்படும் கேள்வி, அடைக்க வேண்டிய கடன், பக்கத்து வீட்டுப் படகு பிடித்து வந்த மீன், கோழை என்று நண்பர் செய்யும் கேலி — இவை யாவும் கண்ணுக்குத் தெரியாமல் படகில் ஏறி அமர்ந்து, ‘இன்னும் சிறிது தொலைவு போ’ என்று சொல்லும்.

எல்லா இழப்பும் அறியாமையால் வந்ததென்று கூறுவது அநீதி. 2017 நவம்பர் இறுதியில் குமரிக் கடலில் ‘ஒக்கி’ புயல் எழுந்தபோது, முன்னரே ஆழ்கடல் சென்றிருந்த பலருக்கு எச்சரிக்கையே எட்டவில்லை. திரும்பும் வாய்ப்புக் கிட்டாமலே நம் சகோதரர் பலர் மாண்டனர். அவர்களை நினைக்கும்போது நாம் தலைதாழ்த்தி இறைவனிடம் மன்றாடுவதன்றி வேறென்ன செய்ய இயலும்? ஆனால் வாய்ப்புக் கிட்டியவர் திரும்பி வரும்போது, அவரை எவ்வாறு வரவேற்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

ஆகவே காற்று முறுக்குகிறது என்று பாதி வழியில் திரும்பி வந்த கணவரிடம், ‘ஏன் வந்தீர்கள்?’ என்று கேளாமல், சுடுசோறு இட்டு அமரச் செய்யுங்கள். உயிர்காப்பு மேலங்கி அணிந்து செல்லும் மகனைச் சிரிக்கும் தோழர் முன்னிலையில், அவன் தாய் அதைப் பாராட்டட்டும். படிப்பிலோ தொழிலிலோ ஒரு வழி அடைபட்டு வீடு திரும்பும் பிள்ளைகளுக்கும் இதே வரவேற்புக் கிடைக்கட்டும்.

கடலின் விண்மீன் என்று திருச்சபை அன்னை மரியாளை அழைக்கிறது. விண்மீன் படகைத் தள்ளுவதில்லை. திசையை மட்டும் காட்டுகிறது. அத்திசையில் சில நாள் முன்னேறலாம். சில நாள் துறைக்குள் நங்கூரமிட்டுக் காத்திருக்க வேண்டியும் வரலாம். காத்திருந்த நாள்களும் பயணத்தின் நாள்களே. பூரணாங்குப்பத்துக் கரையைக் கடந்து அடுத்த முறை ஒரு பாய் தெற்கே செல்வதைக் காண்போர், அது நலமே சென்றடைய வேண்டும் என்று ஒரு மன்றாட்டுச் சொல்லட்டும். நலமே திரும்ப வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லட்டும்.