கொள்ளிக்குடம் யார் தோளில்?

வீட்டோடு விசுவாசம் – 17

சாவு வீட்டில் முதல் கேள்வி, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பது. பந்தலுக்கும் பண்டாரத்துக்கும் சொல்லியாகிவிட்டது என்று தெரிந்ததும், யாராவது ஒரு சித்தப்பா குரலைத் தாழ்த்தி இரண்டாவது கேள்வியைப் போடுவார்: “பெரியவன் கொள்ளி வைப்பானா?” பெரியவன் ஞானஸ்நானம் எடுத்தவன். பக்கத்தில்தான் நிற்பான். காதில் விழாததுபோல நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருப்பான்.

சிம்பாங் பூலாய் வட்டாரத்துத் தாமான்களில் இந்தக் கேள்வி எழாத வருடமில்லை. ஒரு பக்கம் கல்லுடைக்கும் சுண்ணாம்பு மலைகள், இன்னொரு பக்கம் கேமரன் மலைக்கு ஏறும் சாலை, நடுவே வரிசை வீடுகள். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல, தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போனபோது லயத்தைக் காலி செய்து வந்தவை. லயத்தில் சாவு விழுந்தால் யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முறை தெரிந்த பெரியவர் நாலு வீடு தள்ளி இருந்தார். பிள்ளை அவர் சொன்னதைச் செய்தான். தாமானில் அந்தப் பெரியவர் இல்லை. கடைவீட்டு மாடியில் சபை இருக்கிறது.

2010ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியர்களில் 86 விழுக்காட்டினர் இந்துக்கள், 6 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். பாகான் செராய் பக்கத்துப் பழைய கத்தோலிக்கக் குடும்பங்கள், யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த மெதடிஸ்டுகள், தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன்கள் இவர்களுக்கெல்லாம் இந்தச் சிக்கல் குறைவு. அவர்களுடைய தாத்தாவும் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார். தவிப்பவன், மாரியம்மன் திருவிழாவில் தீச்சட்டி ஏந்திய தாய்க்குப் பிறந்து, இருபது வயதில் ரட்சிக்கப்பட்டவன். தகப்பனையும் தாயையும் கனம் பண்ணு என்கிற கட்டளையை அவன் சபையில்தான் மனப்பாடம் செய்தான். அப்பா இறந்த அன்று அதே சபை அவனிடம், குடத்தைத் தொடாதே என்கிறது.

இது நம் தலைமுறை கண்டுபிடித்த சிக்கல் இல்லை. 1606இல் மதுரைக்கு வந்த கத்தோலிக்கக் குரு ராபர்ட் தெ நொபிலி, பூணூல், குடுமி, சந்தனம், குளியல் எல்லாம் ஊர் வழக்கம்தான், இவற்றை விட்டால்தான் கிறிஸ்தவன் என்று சொல்லக்கூடாது என்று வாதாடினார். 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி, நிபந்தனைகளோடு அதற்கு இடம் கொடுத்தார். ரோமிலிருந்து புதுச்சேரிக்கு வந்து இறங்கிய தூதர் துர்னோன், 1704இல் பிள்ளையார் உருவம் பொறித்த தாலி முதல் பலவற்றையும் தடை செய்தார். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் அந்தத் தடையை உறுதி செய்தார். அங்கு ஊழியத்துக்குப் போகும் குருக்கள் அதற்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. 1940இல்தான் அந்தச் சத்தியம் நீக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1939 டிசம்பரில், இறந்தவரின் உடல் முன்போ படத்தின் முன்போ பெயர்ப்பலகையின் முன்போ தலைவணங்குவது மரியாதைதான், வழிபாடு ஆகாது என்று சீனக் கத்தோலிக்கர்களுக்கு ரோம் அனுமதி கொடுத்தது. நம் அண்டை வீட்டுச் சீனக் கத்தோலிக்கர் சிங் மிங் நாளில் குற்ற உணர்ச்சி இல்லாமல் தாத்தாவின் கல்லறையைச் சுத்தம் செய்து தலைவணங்கிவிட்டு வருகிறார் என்றால், அதற்குப் பின்னால் இருநூறு வருடத்துக்கு மேலான சண்டை இருக்கிறது. எரியூட்டலையும் கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் அனுமதித்தது. அஸ்தியைக் கடலில் கரைக்கவோ வீட்டில் வைக்கவோ கூடாது என்று 2016இல் வந்த அறிக்கை சொல்கிறது. இந்து அண்ணன் தம்பிகளோடு அஸ்தியைப் பங்கிட வேண்டிய வீட்டுக்கு அது அடுத்த தலைவலி.

சீர்திருத்தச் சபைக்காரர்களான நமக்குப் பாப்பரசர் கிடையாது என்று பெருமைப்படுவோம். ஆனால் சாவு வீடு என்று வந்தால் ஒவ்வொரு கடைவீட்டு மாடியிலும் ஒரு பாப்பரசர் உட்கார்ந்திருக்கிறார். பந்தலுக்கு வெளியே நின்றுகொள் என்று மகனிடம் சொன்ன போதகர்கள் உண்டு. போதகர் நாளைக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விடுவார். அவர் பேச்சைக் கேட்டவன் தம்பி வீட்டு வாசலை எப்போது மிதிப்பான்?

வசனம் தேடுகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் கிடைக்கும். மொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். செத்தவனுக்காகத் தலையைச் சவரம் செய்யாதே என்கிறது உபாகமம். பிள்ளைகள் எல்லாரும் ஒரே நாளில் செத்த செய்தி கேட்டு யோபு தன் தலையைச் சிரைத்துக்கொண்டு தரையில் விழுந்து பணிந்தார். அதைத் தேவன் குற்றமாக எண்ணவில்லை. எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது ஆதியாகமத்தின் கடைசி அதிகாரம். யாக்கோபு எகிப்தில் இறக்கிறார். யோசேப்பு அந்த ஊர் வைத்தியர்களைக் கூப்பிட்டு, அந்த ஊர் முறைப்படி அப்பாவின் உடலுக்குச் சுகந்தவர்க்கமிடச் சொல்கிறான். அதற்கு 40 நாள். எகிப்தியர் துக்கம் கொண்டாடியது 70 நாள். பார்வோன் வீட்டுப் பெரியவர்கள் தேரும் குதிரையுமாகக் கூடவே கானான்வரை வந்தார்கள். அந்தப் புறஜாதிக் கூட்டத்தை யோசேப்பு வழியிலே திருப்பி அனுப்பவில்லை. அடக்கம் மட்டும் அப்பா கேட்டபடி, மக்பேலா குகையில். இறந்தவர் என்ன கேட்டார் என்பதைத்தான் அந்த அதிகாரம் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

நாகமான் கதையும் உண்டு. குஷ்டம் நீங்கி இஸ்ரவேலின் தேவனை ஏற்றுக்கொண்ட அந்தச் சீரியத் தளபதி, ஊருக்குத் திரும்பும் முன் எலிசாவிடம் ஒன்று கேட்கிறான். என் ராஜா என் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோயிலுக்குள் போகும்போது நானும் குனிய வேண்டியிருக்குமே, அதை மன்னிப்பாரா? தீர்க்கதரிசி பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. சமாதானத்தோடே போ என்று அனுப்பிவிட்டார்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். அப்பாவைக் குளிப்பாட்டுவது, வேட்டி கட்டிவிடுவது, பாடையைத் தூக்குவது, வந்தவர்களுக்குச் சோறு போடுவது எல்லாம் பிள்ளையின் வேலை. இதில் ஒன்றைக்கூட விசுவாசத்தின் பெயரால் மகன் தட்டக்கூடாது. வாய்க்கரிசியில் எனக்கு உறுத்தல் இல்லை, உறுத்துகிறவன் ஒதுங்கட்டும். கொள்ளிக்குடமும் படையலும் பண்டாரத்தின் மந்திரத்தோடு சேர்ந்தவை. தம்பியோ பங்காளி மகனோ அவற்றைச் செய்யலாம். அப்போதும் அண்ணன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மின்சுடலை வந்தபின் கொள்ளி என்பது பெட்டிமேல் ஒரு கட்டிக் கற்பூரமும் பிறகு ஒரு பொத்தானும். அந்தப் பொத்தானில் சாமி இருக்கிறதா என்று ஒரு மகன் என்னைக் கேட்டான். இல்லை, அமுக்கு என்றேன்.

இதையே திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். வீட்டில் ஒருத்தி மட்டும் கிறிஸ்தவள், அவள் இறந்துவிட்டாள். இந்து அண்ணன்மார் நாலு பேரும் வெயிலில் நின்று நம் பாட்டுகளைக் கேட்கிறார்கள், ஜெபத்துக்குக் கண்ணை மூடுகிறார்கள், எரிப்பதுதான் வழக்கம் என்றாலும் குழிக்குள் மண் போடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு முன்னால்தான் சில போதகர்கள், ரட்சிக்கப்படாமல் செத்தால் எங்கே போவாய் என்று முக்கால் மணி நேரம் முழங்குகிறார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் அவளுடைய இந்து அம்மா உட்கார்ந்திருக்கிறாள். போன வருடம் இறந்துபோன புருஷன் எங்கே இருக்கிறார் என்று மைக்கில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை அவளுக்கு. அதை எவரோ பேஸ்புக்கில் நேரலையாகவும் விடுகிறார். அவர்கள் கொடுத்த மரியாதையில் பாதியைக்கூட நாம் திருப்பிக் கொடுப்பதில்லை.

செய்யக்கூடியது ஒன்றுதான், அதைத்தான் நம் வீடுகளில் யாரும் செய்வதில்லை. உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். அபசகுனம் என்று அம்மா காதைப் பொத்துவாள். பரவாயில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பால்மரம் சீவியே காலம் கழித்த அப்பா தானே அந்தப் பேச்சை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை, கோழிக்கறி, மகன்கள் இருவரும் எதிரில். “பெரியவனே, உன் சாமிக்கு ஆகாதத நீ செய்ய வேணாம். தூக்குறது நீ. கொள்ளி சின்னவன். பெட்டிக் காசு, பதினாறாம் நாள் சாப்பாட்டுக் காசு, ரெண்டும் உன்னுது. ஜெபம் பண்ணணும்னா முதல் நாள் ராத்திரி பண்ணிக்க, சுருக்கமா.”

அப்படியே நடந்தது. ஜெபம் இருபது நிமிடத்தில் முடிந்தது. பண்டாரமும் ஓரமாக உட்கார்ந்து கேட்டார். சின்னவனுக்குத்தான் இன்றுவரை குறை. காசு கொடுத்தவன் முடியோடு திரிகிறான், மொட்டை மட்டும் தனக்கா என்று.