ஊர் திரும்புவோர் ஏன் திரும்புகின்றனர்?

மாரி மழை விழத் தொடங்கியதும் இடம்பெயர்ந்திருக்கும் கமக்காரரின் மனம் தன் வட்டைக்குப் போய்விடுகிறது. "நம்மட வயல இப்ப யார் செய்யிறாங்களோ?" என்ற பேச்சு எழுகிறது. போவதா, இருப்பதா என்று குடும்பத்துக்குள் விவாதம் தொடங்குகிறது. நமக்கு முன்னே இக்கேள்வியைச் சந்தித்தவர்களின் அனுபவம் இங்கே நமக்கு உதவும்.

தமிழகம் சென்ற நம்மவர்

1983 ஜூலைக் கலவரத்தைத் தொடர்ந்து நம் மக்கள் பலர் படகேறித் தமிழகம் சென்றனர். 1987 இல் இந்திய - இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானதும் ஏறத்தாழ 25,000 பேர் திரும்பினர். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. பலர் மறுபடியும் கடல் கடந்தனர். 1992 முதல் 1995 வரை ஏறத்தாழ 54,000 பேர் திரும்பினர். 2009 இல் போர் முடிந்த பின்னரும் ஆயிரக்கணக்கானோர் வந்தனர். ஆயினும் 50,000 இற்கும் மேற்பட்டோர் அங்குள்ள முகாம்களிலேயே தங்கிவிட்டனர்.

வந்தவர்கள் ஏன் வந்தனர்?

முதலாவது, உறவு. முதிய பெற்றோரும் பிரிந்த சகோதரரும் முன்னோரின் கல்லறையும் அவர்களை அழைக்கின்றன. இது நமக்கு மட்டும் உரியதன்று. 2009 முதல் 2014 வரை அமெரிக்காவிலிருந்து சுமார் 10 இலட்சம் மெக்சிக்கர் பிள்ளைகளோடு தாயகம் திரும்பினர். திரும்பியோரில் 61 சதவீதத்தினர் சொன்ன காரணம் குடும்பமே. நாடு கடத்தப்பட்டதாகச் சொன்னோர் 14 சதவீதம்தான். கூலி பன்மடங்கு கூடிய நாட்டை விட்டு அவர்கள் வந்தனர் என்பதை மறக்கலாகாது.

இரண்டாவது, காணி. முகாமில் உதவிப் பணமும் பெயின்ட் அடிக்கும் வேலையும் கிடைக்கலாம். விதைப்பதற்குச் சொந்த நிலம் இல்லை.

மூன்றாவது, பிள்ளைகளின் எதிர்காலம். தமிழகத்திலேயே பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு இந்தியக் குடியுரிமை இல்லை. ஆனால் அங்கே படித்து வளர்ந்த பிள்ளைகளுக்காகவே வராமல் இருப்போரும் உண்டு.

வந்தும் வீடு சேராதோர்

1990களில் திரும்பியோரில் பலர் ஊரில் போர் நடந்ததால் இடைத்தங்கல் முகாம்களில் முடங்கினர். 2007 மார்ச்சில் வாகரைக்கு அனுப்பப்பட்டோரில் பலர் தம் விருப்பத்தோடு போகவில்லை என்று மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டின. 2006 இல் சம்பூரிலிருந்து ஓடிவந்து நம் மாவட்ட முகாம்களிலும் தங்கிய மக்களுக்கு, காணி விடுவிக்கப்படும்வரை, அதாவது 2015 வரை, திரும்ப வழியிருக்கவில்லை. ஆகவே ஆசை மட்டும் போதாது. சுயவிருப்பம், உண்மைத் தகவல், காணி உரிமை ஆகிய மூன்றும் வேண்டும்.

போகுமுன் செய்யவேண்டியவை

1. குடும்பத்தில் ஓரிருவர் முதலில் சென்று பாருங்கள். கிணறு, வாய்க்கால், பாடசாலை, மிதிவெடி அகற்றல் ஆகியவற்றை நேரில் விசாரியுங்கள்.

2. காணிப் பத்திரங்களைத் தேடி எடுங்கள். உறுதிக் காணியில் வேறொருவர் 10 ஆண்டுகள் தடையின்றி, உங்கள் உரிமையை ஏற்காமல் ஆண்டால், அவர் உரிமை கோர முடியும். பெர்மிட் காணியானால் பிரதேச செயலகத்தில் பதிவைப் பாருங்கள். இடம்பெயர்ந்த விபரத்தை எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்திருங்கள்.

3. இந்தியாவில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழோடு இலங்கைக் குடியுரிமைப் பதிவும் அவசியம்.

4. பெண்களும் பிள்ளைகளும் பேசிய பின்பே முடிவெடுங்கள். தண்ணீரும் விறகும் தேடிப் பாடுபடுவோர் அவர்களே.

விவிலியத்தில் நகோமி பஞ்சத்தால் மோவாபு நாட்டுக்குப் போனவள். ஊரில் மீண்டும் உணவு உண்டு என்று கேள்விப்பட்ட பின்னரே பெத்லகேமுக்குப் புறப்பட்டாள். வந்ததும் அவள் துயர் தீரவில்லை. நகர வாயிலில் பத்து மூப்பர் முன்னிலையில் அவளுடைய கணவனின் நிலம் மீட்கப்பட்டது. அந்த மூப்பரைப் போல, திரும்பி வரும் அயலவரின் காணிக்குச் சாட்சி சொல்ல முன்வருவது ஊரில் இருக்கும் நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.