குழந்தை பார்ப்பது கார்ட்டூன் மட்டும்தானா?

வாசுதேவநல்லூரில் எங்கள் வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. பேரனின் படிப்பிற்காக வாங்கியது. ஆனால் அதன் முன் அதிகம் உட்காருவது ஐந்து வயதுப் பேத்திதான். கார்ட்டூன்தானே பார்க்கிறாள் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு நாள் கடை வாசலில், "தாத்தா, பாட்டுப் பாடுவாங்கல்லா, அந்தச் சிப்ஸ்தான் வேணும்" என்று அழுதாள். புளியங்குடி எலுமிச்சையில் ஜூஸ் போட்டுக் கொடுத்தால் தள்ளிவிட்டு, பாட்டில் குளிர்பானம் கேட்டாள். அன்று மாலை அவளருகே உட்கார்ந்து கவனித்தேன். கார்ட்டூன் முடிந்ததும் சினிமாப் பாட்டு, காமெடி என்று யூட்யூப் தானாகவே அடுத்தடுத்து ஓட்டியது. நடுநடுவே சிப்ஸ், சாக்லேட், குளிர்பான விளம்பரங்கள்! எது நிகழ்ச்சி, எது விளம்பரம் என்று பிரித்துப் பார்க்க இந்த வயதில் தெரியாது.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளை விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி. குழந்தைகளுக்கான சேனல்களிலும் நிகழ்ச்சிகளிலும் சிப்ஸ், குளிர்பான விளம்பரம் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் அறிவித்தது. ஆனால் என் பேத்தி பார்த்தது பெரியவர்களுக்கான வீடியோ ஆயிற்றே! பிரிட்டன் ஒரு படி மேலே போய், இத்தகைய பண்டங்களுக்கான கட்டண விளம்பரத்தை 2026 ஜனவரி 5 முதல் இன்டர்நெட்டில் அடியோடு தடை செய்துள்ளது. நம் நாட்டிலும் அப்படி ஒரு விதி வர வேண்டும். அதுவரை காவல் நாம்தான்.

நான் செய்ததை நீங்களும் செய்து பாருங்கள். பிரவுசரில் யூட்யூப் கிட்ஸ் தளத்தைத் திறந்து, உங்கள் கூகுள் அக்கவுண்ட் மூலம் நுழைந்து, குழந்தையின் வயதைத் தேர்ந்தெடுங்கள். உணவு, பானம் எதற்கும் இங்கே கட்டண விளம்பரம் அனுமதி இல்லை. வழக்கமான யூட்யூபில் பார்ப்பதாக இருந்தால், வீடியோவின் கீழே உள்ள ஆட்டோப்ளே பட்டனைக் கிளிக் செய்து நிறுத்திவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. யாரோ ஒரு சிறுவன் சாக்லேட் பாக்கெட்டைப் பிரித்துச் சாப்பிடும் வீடியோ கட்டண விளம்பரக் கணக்கில் வராது. அதை எந்த செட்டிங்கும் முழுமையாகத் தடுக்காது. எனவே கம்ப்யூட்டரைக் கூடத்தில் வையுங்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு நீங்களும் உட்காருங்கள்.