குழாய்க்குள் நுழையாத பேஸ்

ஒலி வந்த வழி – 11

காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் மாரியம்மன் பண்டிகை என்றால் முதல் வேலை குழாய் கட்டுவதுதான். மைக் செட் அண்ணன் புனல் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு புளியமரத்தில் ஏறுவார். ஒன்று ஊரைப் பார்க்கும், இன்னொன்று ஏரிக்கரையைப் பார்க்கும். விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்கும் பாட்டு பக்கத்து ஊர்களுக்கும் கேட்கும். இளையராஜாவை நான் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன். பேஸ் கிட்டார் எங்கே இறங்குகிறது, எங்கே ஏறுகிறது என்பதுகூட அத்துப்படி.

ஆனால் அந்தக் குழாயில் பேஸ் வரவே வராது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. சாதாரண கிட்டாரின் தடித்த கம்பிக்கு அது 82. புனல் குழாயோ சுமார் 300 அதிர்வுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. பேச்சு தூரம் போக வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது. பிறகு நான் கேட்டது எதை? ஒரு சுரம் ஒலிக்கும்போது அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, எட்டு மடங்கு அதிர்வுகளும் கூடவே ஒலிக்கும். குழாய் அந்த மேல்மடங்குகளை மட்டும் அனுப்பியது. அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியை வைத்து, வராத அடிச்சுரத்தை மூளை தானே போட்டு நிரப்பிக்கொண்டது. ஊரே சேர்ந்து, இல்லாத பேஸைக் கேட்டிருக்கிறோம். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தொண்ணூறுகளில் 15 அங்குல ஸ்பீக்கர் வைத்த மரப் பெட்டிகள் எங்கள் பக்கம் வந்தன. முதல் பண்டிகையில் பெட்டியைப் போட்டுவிட்டு, இருபது வருடமாக ஓட்டிய அதே பாட்டை அண்ணன் ஓட்டினார். பேஸ் நெஞ்சில் வந்து இடித்தது. கொஞ்ச நேரம் பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்றவர், “டேய் தம்பி, இத்தன வருசமா இது உள்ளயாடா இருந்துச்சு?” என்றார்.

பழைய ஆம்ப்ளிஃபயரா, புதியதா என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது. கிட்டாருக்கும் பேஸுக்கும் ஒரே பதிலைச் சொல்வது தவறு.

அமெரிக்காவில் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். 1951-ல் பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தார். அடுத்த வருடமே அதற்கென்று ‘பேஸ்மேன்’ ஆம்ப்ளிஃபயரைச் செய்தார். அதன் 1950-களின் பிற்பகுதி மாடலில் நாலு 10 அங்குல ஸ்பீக்கர்கள், சுமார் 45 வாட். பேஸுக்கு அது போதவில்லை, சத்தத்தைக் கூட்டினால் முனகியது. ஆனால் கிட்டார்க்காரர்கள் அந்த முனகலில் மயங்கிப்போனார்கள். 1962-ல் லண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும் அந்த பேஸ்மேன் சர்க்யூட்டை வைத்துத்தான் தங்கள் முதல் ஆம்ப்ளிஃபயரைச் செய்தார்கள். ராக் கிட்டாரின் குரல் என்று உலகம் கொண்டாடுவது, பேஸுக்காகச் செய்து பேஸைத் தாங்காமல் போன ஒரு பெட்டியிலிருந்து வந்தது.

காரணம், அந்தப் பெட்டிக்குள் ஒலியைப் பெருக்கிய வால்வு என்ற கண்ணாடிக் குமிழ். தாங்கும் அளவை மீறினால் டிரான்சிஸ்டர் ஒலியின் தலையைச் சட்டென்று வெட்டிவிடும், காதில் கரகரவென்று குத்தும். வால்வு மெல்ல மெல்ல மழுக்கும். மெதுவாக மீட்டினால் தெளிவு, ஓங்கி மீட்டினால் சூடு. அது வாசிப்பவரின் விரலுக்கு மறுமொழி சொல்கிறது. அதனால் கிட்டார்க்காரருக்கு ஆம்ப்ளிஃபயர் என்பது வாத்தியத்தில் பாதி. (டிரான்சிஸ்டரிலும் விதிவிலக்கு உண்டு. ரோலண்டின் 1975 ஜாஸ் கோரஸ் ஆம்ப்ளிஃபயரின் பளிங்கு போன்ற ஒலியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.)

பேஸுக்கு வேண்டியது வேறு: முனகாத பலம். ஆம்பெக் நிறுவனம் 1969-ல் வால்வை வைத்தே 300 வாட் கொண்டுவந்தது. ஸ்பீக்கர் பெட்டியைச் சேர்க்காமலே சுமார் 38 கிலோ. இன்று 500 வாட் பேஸ் ஆம்ப்ளிஃபயர் இரண்டு, மூன்று கிலோவில் தோள்பையில் அடங்கிவிடுகிறது. அரூரிலிருந்து பென்னாகரத்துக்குக் கச்சேரிக்கு பஸ்ஸில் போகும் மெல்லிசைக் குழுப் பையனிடம் போய்ப் பழையதுதான் உசத்தி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவனுக்கு முந்தைய தலைமுறை கிட்டாரை மைக் செட் ஆம்ப்ளிஃபயரின் மைக் துளையில் சொருகி வாசித்தது. கிட்டாரின் கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கு அந்தத் துளை ஒத்துவராது. மேல் சுரம் மங்கும், மிச்சத்தைக் குழாய் தின்றுவிடும்.

பழையதில் நான் உண்மையாகவே இழந்துவிட்டதாக நினைப்பது, அதைத் திறந்து பார்க்க முடிந்ததை. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் வால்வு செய்தது. எங்கள் தர்மபுரி மாவட்டத்திலிருந்து மூன்று மணி நேரப் பயணம். இன்று புது வால்வு ரஷ்யாவிலிருந்தோ ஸ்லோவாக்கியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ வர வேண்டும். புதிய ஆம்ப்ளிஃபயர் கெட்டால் போர்டை மாற்று என்கிறார்கள். பத்த வைக்கத் தெரிந்த கைக்கு அங்கே வேலையில்லை.

போன தை மாதம் அண்ணன் வீட்டுப் பரணிலிருந்து ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரை இறக்கினோம். தர்மபுரியில் ஒரு மெக்கானிக் அதைத் திறந்தார். கரண்டைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் முந்நூறு, நானூறு வோல்ட் நிற்கும் என்பதால், இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வலது கையால் மட்டுமே உள்ளே தொட்டார். மூன்று கண்டென்சர் மாற்றினார். ஒரு வால்வின் கால்களை உப்புத்தாளால் தேய்த்தார். ஸ்விட்சைப் போட்டதும் ஒன்றும் கேட்கவில்லை. பொறுக்கச் சொன்னார். அரை நிமிடத்தில் கண்ணாடிக்குள் செம்மஞ்சள் ஒளி ஏறியது, ஸ்பீக்கரில் மெல்லிய ரீங்காரம்.

கிட்டாரைச் சொருகி ஒரே ஒரு கம்பியை மீட்டினேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்துத் தோட்டத்தில் பம்ப்செட் ஓடத் தொடங்கி வோல்டேஜ் இறங்க, வால்வின் ஒளி மங்கியது, ஒலியும் அதோடு கொஞ்சம் தளர்ந்தது. “நிறுத்தாத தம்பி, அப்படியே வாசி” என்றார்.