எட்டு விழாத சக்கரம்

எங்கள் குடியிருப்பில் எதிர் பிளாக்கில் இருக்கும் சேலத்துக்காரர் ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தார். லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதுபவர். அவருடைய பெண் பதினோராம் வகுப்பு. மலைச் சைக்கிள் ஓட்டுகிறாள். புனேயில் இருந்துகொண்டு சைக்கிள் பைத்தியம் பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். மாவட்டத் தேர்வுப் போட்டிக்கு மூன்று மாதம் இருந்தது. கோச் எழுதிக் கொடுத்த சீட்டை என்னிடம் நீட்டினார். எடை குறைந்த வீல் செட், 28,000 ரூபாய்.

"சைக்கிளையே 22,000 ரூபாய்க்குத்தான் சார் வாங்கினேன். சைக்கிளை விடச் சக்கரம் விலை அதிகமா இருக்குமா?"

"இருக்கும். ஆனா நீங்க வாங்க வேண்டாம். நானே கட்டித் தரேன்" என்றேன்.

அவசரப்பட்டுச் சொன்ன வார்த்தை அது. ஆனாலும் காரணம் இல்லாமல் சொல்லவில்லை. டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து 34 வருஷம் கேரேஜ் அண்ட் வாகன் பிரிவில் சக்கரம் பார்ப்பதே எனக்கு உத்தியோகம். அதற்கு முன்பே, விருத்தாசலத்தில் பள்ளி விடுமுறையில் வாடகை சைக்கிள் கடையில் உட்கார்ந்து போக்ஸ் கம்பி கோக்கவும் கோட்டம் எடுக்கவும் கற்றிருந்தேன். கடைக்காரர் ஃபோர்க்கில் ஒரு சாக்பீஸை வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றி விடுவார். சாக்கட்டிப் பூச்சு எங்கே விழுகிறதோ அங்கே நிப்பிளைத் திருக வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

மலைச் சைக்கிள் என்பது நம் பிள்ளைகள் நினைப்பது போல அவ்வளவு புதிய சமாசாரம் அல்ல. 1970-களில் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், டமால்பைஸ் என்ற மலைச்சரிவில் சில இளைஞர்கள் பழைய பலூன் டயர் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு ஏறி, கண்மண் தெரியாமல் இறங்குவதைப் பொழுதுபோக்காக வைத்திருந்தார்கள். 1976-ல் அதையே பந்தயமாக நடத்தினார்கள். பந்தயத்தின் பெயர் 'ரீபேக்'. பின்பக்கம் மிதித்துப் போடும் கோஸ்டர் பிரேக், இறங்குகிற சூட்டில் ஹப்பில் உள்ள கிரீஸையெல்லாம் புகையாக்கிவிடுமாம். கீழே வந்ததும் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பெயர். ஹாட் ஆக்ஸில் பார்த்த ரயில்வேக்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், டாம் ரிச்சி போன்றவர்கள் இதற்கென்றே சட்டம் கட்ட ஆரம்பித்தார்கள். ஆனால் வண்டி உண்மையில் இலேசானது 1980-ஐ ஒட்டி, கனமான இரும்பு ரிம்முக்குப் பதில் 26 அங்குல அலுமினிய ரிம் ஜப்பானிலிருந்து வந்த பிறகுதான். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே இந்தப் பந்தயம் இடம் பெற்றுவிட்டது.

சக்கரத்துக்கு வருகிறேன். ரயில் பெட்டியின் சக்கரம் 915 மி.மீ. விட்டமுள்ள கெட்டியான எஃகு. பாரத்தை அமுக்கமாக வாங்கிக்கொள்கிறது. அதில் விளங்காதது ஒன்றும் இல்லை. சைக்கிள் சக்கரம் அப்படி அல்ல. 2 மி.மீ. கம்பியை மேலிருந்து அமுக்கினால் வளைந்துவிடும். அதனால்தான் எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே முறுக்கி இழுத்து வைக்கிறோம். வலுவான பின் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 100 கிலோ இழுவிசை இருக்கும். நாம் ஏறி உட்கார்ந்ததும் தரையைத் தொடும் இடத்துக்கு மேலே உள்ள நாலைந்து கம்பிகளில் அந்த இழுப்பு குறைகிறது. அந்தக் குறைவுதான் நம் பாரத்தைத் தாங்குகிறது. சக்கரம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு கம்பியும் தன் முறை வரும்போது தளர்ந்து, மறுபடி விறைக்கிறது. இழுப்பு முழுக்கப் போய்விடாத வரையில் சக்கரம் சக்கரமாக இருக்கும். அன்பர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இதை மறந்ததால் வந்த வினையைப் பிறகு சொல்கிறேன்.

எடையை எங்கே குறைப்பது? சமையலறைத் தராசை வாங்கி வந்து (வீட்டில் கேட்டுக்கொண்டுதான்) ஒவ்வொன்றாக நிறுத்தேன். ஓரத்தில் உள்ள எடைக்குத்தான் மதிப்பு அதிகம். வேகம் எடுக்கும்போது ரிம்மிலும் டயரிலும் உள்ள ஒரு கிராம் இரண்டு கிராமுக்குச் சமம். ஏனென்றால் அது முன்னேறவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். நடுவில் உள்ள ஹப் சுற்றுவதற்குக் கேட்கும் சக்தி மிகக் கொஞ்சம். ஆகவே காசைக் கடைசியாகப் போட வேண்டிய இடம் ஹப். கடைக்காரர்கள் முதலில் எடுத்துக் காட்டுவதோ பளபளவென்று இருக்கும் ஹப்பைத்தான்.

பழைய டயர் ஒவ்வொன்றும் 780 கிராம். ஓரத்தில் இரும்புக் கம்பி. மடித்து வைக்கக்கூடிய டயர் 600 கிராம். இரண்டுக்கும் சேர்த்து 360 கிராம் மிச்சம். ரிம் 620 கிராமிலிருந்து 480 ஆனது, அதில் 280. கம்பியில், நடுப்பகுதி மட்டும் 1.8 மி.மீ.க்கு மெலிந்து இரு முனையும் 2 மி.மீ. இருக்கும் ரகம் போட்டால், 64 கம்பிக்குச் சுமார் 60 கிராம். ஆக மொத்தம் 700 கிராம். பெண் 48 கிலோ, வண்டி 14 கிலோ; அந்த 62-ல் 700 கிராம் என்பது நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். ஒரு மணி நேரம் மலை ஏறினால் சுமார் 40 வினாடி லாபம். இதற்கா இவ்வளவு பாடு என்று கேட்டால், பந்தயத்தில் 40 வினாடிக்குள் நாலு பேர் வந்துவிடுகிறார்கள் என்று அந்தப் பெண்ணே சொன்னாள்.

எனக்கு அது போதவில்லை. தராசு கையில் வந்தால் மனிதனுக்கு ஒரு பேராசை வந்துவிடுகிறது. பித்தளை நிப்பிள் ஒரு கிராம், அலுமினிய நிப்பிள் அதில் மூன்றில் ஒரு பங்கு. 64-க்குச் சுமார் 43 கிராம் என்று கணக்குப் போட்டு அலுமினியம் வாங்கினேன். கம்பியும் முழுக்க 1.8 மி.மீ. மலிவு ரகம். கட்டிக்கொண்டு வரும்போது நிப்பிள்களின் முனைகள் சாவியில் மழுங்க ஆரம்பித்தன. இன்னும் இறுக்கினால் சதுரமே போய்விடும் போல இருந்தது. சக்கரம் நேராகத்தான் சுற்றியது. போதும் என்று நிறுத்திவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் சிங்ஹகட் கோட்டை ரோட்டில் இறங்கும்போது, ஒரு வளைவில் பின் சக்கரம் எட்டாக மடங்கியது. பெண் விழுந்து இடது காறை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அப்பா என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. "நீங்க ஏன் சார் இந்நேரத்துல அலையறீங்க, வீட்டுக்குப் போங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த ரிம்மை வீட்டுக்கு எடுத்து வந்து இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் விபத்து விசாரணை நடத்துவது போல உட்கார்ந்து பார்த்தேன். கம்பி ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. ஆனால் மடங்காத பகுதியிலேயே ஏழெட்டு நிப்பிள்கள் விரலாலேயே திரும்பின. விஷயம் விளங்கிவிட்டது. குற்றம் கம்பியின் மெலிவில் இல்லை, இழுப்புப் போதவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அடிப்பக்கக் கம்பி முழுக்கத் தளர்ந்திருக்கிறது. தளர்ந்த நேரத்தில் நிப்பிள் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றிருக்கிறது. நேராகச் சுற்றும் சக்கரம் எல்லாம் பலமான சக்கரம் அல்ல. அன்றைக்கு என்னை உறுத்தியது இதுதான்: பிளாட்பாரத்தில் நீண்ட கைப்பிடிச் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டி ஓசை கேட்பார்களே, பார்த்திருப்பீர்கள். அதை வருஷக்கணக்கில் செய்தவன் நான். ஒரு சைக்கிள் கம்பியைச் சுண்டிக் கேட்கத் தோன்றவில்லை.

அவள் கையைத் தொட்டிலில் போட்டிருந்த ஆறு வாரத்தில் மறுபடி கட்டினேன். அவள் அம்மாவுக்கு அதில் விருப்பம் இல்லை. "தாத்தாவே கட்டட்டும், ஆனா நான் பக்கத்துல உட்கார்ந்து பார்ப்பேன்" என்று பெண்தான் சொன்னாள்.

இந்தத் தடவை 32 துளை ரிம், இரட்டைச் சுவர் ரகம். நிப்பிள் பித்தளை. கம்பியில் செலவைக் குறைக்க ஒரு வழி: பின் சக்கரத்தில் பல்சக்கரம் இருக்கும் வலப்பக்கத்து 16-க்கு மட்டும் சாதாரண 2 மி.மீ. கம்பி. அந்தப் பக்கக் கம்பிகள் செங்குத்தாக நிற்பதால் அவற்றில்தான் இழுப்பு அதிகம். மற்ற 48-க்கு நடு மெலிந்த கம்பி. மெலிந்த கம்பி பலவீனம் என்பது தப்பான எண்ணம். நடுவில் ரப்பர் போலச் சற்று நீண்டு கொடுப்பதால், வளைந்த தலைப்பகுதியில் அலுப்பு குறைகிறது, அதிகம் உழைக்கிறது. முன் சக்கரத்தில் டிஸ்க் இடப்பக்கம் என்பதால் அங்கே செங்குத்துப் பக்கம் இடது என்பதையும் கவனிக்க வேண்டும்.

கம்பி வாங்கும் முன் அளவு முக்கியம். இரண்டு பக்கத்துக்கும் நீளம் வேறு. 2 மி.மீ. பிசகினாலும் ஒன்று மரை போதாது, அல்லது கம்பி நிப்பிளைத் தாண்டி வெளியே வந்து ட்யூபைக் குத்தும். கம்பிகளைக் கோக்கும்போது ஒவ்வொன்றும் மூன்று கம்பிகளைத் தாண்டிப் போக வேண்டும். முதல் இரண்டுக்கு ஒரு பக்கமாகவும், மூன்றாவதற்கு மறுபக்கமாகவும் பின்ன வேண்டும். இப்படிச் சாய்த்துக் கட்டும் முறைக்கு இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-லேயே பேடன்ட் வாங்கிவிட்டார். மிதிக்கும் வேகத்தையும் பிரேக் பிடிக்கும் வேகத்தையும் தாங்குவது அந்தச் சாய்வுதான்.

மரையில் ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு. கட்டும்போது வழுக்கும், காய்ந்ததும் லேசாகப் பிடித்துக்கொள்ளும், நிப்பிள் கழலாது. நிப்பிள் ரிம்மில் உட்காரும் இடத்தில் சாதாரண எண்ணெய். முதலில் எல்லா நிப்பிளையும் ஒரே அளவு, பிறகு அரைச் சுற்று, பிறகு கால் சுற்று. மேலும் கீழுமான ஏற்ற இறக்கத்தை முதலில் சரி செய்துவிட்டுத்தான் பக்கவாட்டுக் கோட்டத்துக்கு வர வேண்டும். ஸ்டாண்டு வாங்க வேண்டியதில்லை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ஃபோர்க்கில் ஒரு பென்சிலைக் கட்டினால் போதும். சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினாலும் பென்சில் அதே இடத்தில் நின்றால் நடு சரி. ரயிலில் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 1600 மி.மீ. என்று கேஜ் போட்டுப் பார்த்தவனுக்கு இந்த வேலை விளையாட்டாகவே இருந்தது. பக்கவாட்டில் அரை மி.மீ.க்குள் கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு, முதல் தடவை நான் செய்யாமல் விட்டது. இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் பலமாக அமுக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். டிக் டிக் என்று சத்தம் வரும். முறுக்கிக்கொண்டிருந்த கம்பி தளர்ந்து தன் இடத்தில் உட்காருகிறது என்று அர்த்தம். கோட்டம் மறுபடி கொஞ்சம் வரும். எடுத்துவிட்டு மறுபடி அமுக்க வேண்டும். மூன்று தடவை செய்தேன்.

இழுப்பை அளக்க மீட்டர் உண்டு. 2,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அதற்கு முன்பே வேலையை முடித்துக் கொடுத்தது வேறொரு கருவி. என் மனைவி பேட்டைக் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கிறாள். நான் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிக்கொண்டு வர, சமையலறையிலிருந்தே "அஞ்சாவது இறங்கியிருக்கு", "இது ஏறிடுத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே ஸ்ருதியில் பேசினால் இழுப்பு சமம். மீட்டர் வந்த பிறகு ஒத்துப் பார்த்தேன். வலப்பக்கத்தில் 16-ல் 14 கம்பிகள் 105-லிருந்து 110 கிலோவுக்குள் நின்றன. மீதி இரண்டையும் அவள் முன்பே சந்தேகப்பட்டிருந்தாள்.

மீட்டர் நீங்கலாக ரிம், கம்பி, நிப்பிள், டயர் எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய் ஆயிற்று. ஹப் பழையதே, பேரிங்கைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் மாற்றினேன்.

கொடுப்பதற்கு முன் நானே அந்த வண்டியில் ஏறி, எங்கள் கேட்டுக்கு வெளியே உள்ள ஸ்பீட் பிரேக்கரில் இருபது தடவை போய் வந்தேன். 71 கிலோ ஆள். வாட்ச்மேன் வேடிக்கை பார்த்தான். பிறகு பென்சிலை வைத்துப் பார்த்தேன்; கோடு விழவில்லை.

அந்த வருஷத் தேர்வுப் போட்டி அவளுக்குப் போய்விட்டது. எலும்பு கூடினாலும் பயிற்சி போதவில்லை. அடுத்த வருஷம் கலந்துகொண்டு ஆறாவதாக வந்தாள். நாலு பேரைத்தான் எடுத்தார்கள். இப்போது கல்லூரிக்குப் போகிறாள், அதே சக்கரத்தில். மாதம் ஒரு தடவை கம்பிகளைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இடப்பக்கம் ஒண்ணு பேஸா கேக்குது" என்று சாவியோடு வந்து நிற்பாள். இப்போதெல்லாம் திருகுவது அவள்தான். நான் பென்சிலைப் பிடிப்பதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணி வரை என் வீட்டு வராந்தாவில் ஒரு சைக்கிள் கவிழ்ந்து கிடக்கும். நம் சங்கப் பிள்ளைகள் யாருக்காவது கோட்டம் எடுக்கக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் வரலாம். சாவியும் ஆளிவிதை எண்ணெயும் என்னிடம் உண்டு. அலுமினிய நிப்பிள் கொண்டு வர வேண்டாம்.