ரேடியேட்டர் மூடியும் துணிச்சலும்

தொழில்முனைவோர் என்றாலே நாம் துணிச்சலைத்தான் பேசுகிறோம். வேலையை விட்டார், நகையை அடகு வைத்தார், ஜெயித்தார் என்று கதை ஓடும். துணிச்சல் பட்டறையைத் திறந்து வைக்கும். இருபது முப்பது வருஷம் மூடாமல் வைத்திருப்பது வேறொரு குணம்: நேற்று சரியாக வந்த சரக்கையும் இன்று சந்தேகத்தோடு அளந்து பார்க்கிற குணம். சென்னை அம்பத்தூரில், மேனாம்பேட்டைச் சுற்றிய பகுதியில் இதற்குச் சாட்சிகள் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் வந்தது. அதே காலத்தில் பக்கத்துப் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸனர்ஸ் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் எழுந்தன.

சுந்தரம் ஃபாஸனர்ஸ் 1992-இல் செய்த காரியம் பார்வைக்குச் சாதாரணமானது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ரேடியேட்டர் மூடித் தயாரிப்பை வெளியே கொடுக்க முடிவெடுத்தது. இங்கிலாந்தில் இருந்த அதன் இயந்திர வரிசையையே வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுவந்தது இந்த நிறுவனம். மூடி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்: ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் வளையம், நடுவில் சின்ன வால்வு. ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்; கொஞ்சம் இறுகினால் ஹோஸ் பிளக்கும். அப்படிப்பட்ட மூடியை லட்சக்கணக்கில், ஒன்றுபோலவே, கடல் கடந்து அனுப்ப வேண்டும். வாங்கியது துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜெனரல் மோட்டார்ஸின் சிறந்த சப்ளையர் விருதைப் பலமுறை பெற்றுத் தந்தது அலுக்காமல் அளந்த கை. 1998-இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு ஜப்பானின் டெமிங் பரிசை இந்தியாவுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்ததும் இந்த வழியில்தான். ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் யார் தப்பு என்று தேடாமல், வேலை நடக்கும் முறையில் எங்கே தப்பு என்று தேடுவது இந்த வழியின் அடிப்படை.

இது பெரிய வீட்டுக் கதை, லைசென்ஸ் ராஜ் காலத்தில் போட்டியில்லாமல் வளர்ந்தவர்கள் என்று ஒரு வாதம் வரும். பாதி உண்மை. முதல் முப்பது வருஷம் அந்தப் பாதுகாப்பு இருந்தது, 1991-இல் போய்விட்டது. மேலே சொன்ன இரண்டும் அதற்குப் பிறகு நடந்தவை. அம்பத்தூரில் 1959-இல் தொடங்கிய டன்லப் டயர் ஆலைக்கும் அதே பாதுகாப்பு இருந்தது, உலகறிந்த பெயரும் இருந்தது. உரிமையாளர்கள் மாறினார்கள், கதவடைப்புகள் வந்தன, கடைசியில் கம்பெனியைக் கலைக்கும்படி நீதிமன்ற உத்தரவே வந்தது. முதலும் சலுகையும் மட்டுமே காப்பாற்றும் என்றால் டன்லப் இன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. இரண்டு லேத், ஒரு சிஎன்சி, பேங்க் கடனோடு ஜாப் ஒர்க் செய்பவரிடம் போய் மனப்பான்மை பற்றிப் பேசுவது நியாயமா? டிசம்பர் 2015-லும் டிசம்பர் 2023-லும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் புகுந்த வெள்ளம் யாருடைய மனப்பான்மையையும் கேட்டுக்கொண்டு வரவில்லை. பில் போட்டு மூன்று மாதம் ஆகியும் பணம் வராவிட்டால், எவ்வளவு நுணுக்கமாக அளந்தவருக்கும் சம்பள நாள் சம்பள நாள்தான். ஒப்புக்கொள்கிறேன். மனம் மட்டும் போதாது. ஆனால் சந்தேகப்படும் குணத்துக்கு இங்கேயும் வேலை இருக்கிறது. அதைச் சரக்கிலிருந்து கணக்குக்கும் நீட்ட வேண்டும். ஒரே கம்பெனி முழு மெஷின் நேரத்தையும் கேட்கும்போது, அதுவும் நல்ல ரேட்டுக்கு, வேண்டாம் என்பது கஷ்டம். அதைச் செய்யாதவர்கள்தான் பெரும்பாலும் அந்தக் கம்பெனி தும்மினால் படுத்துவிடுகிறார்கள். சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள்தான் கெடு. தாமதித்தால் கூட்டு வட்டி. கெடுவுக்குள் தராத தொகையை, கொடுக்கிற வருஷம் வரை செலவுக் கணக்கில் கழிக்க முடியாது என்று வருமான வரிச் சட்டமும் இப்போது பிடிக்கிறது. எல்லாம் இருந்தும் புகார் கொடுக்க எத்தனை பேர் துணிவார்கள்? அடுத்த ஆர்டர் போய்விடுமே என்ற பயம். நாலு கஸ்டமரை வைத்திருப்பவரால்தான் ஐந்தாமவருக்கு நோட்டீஸ் அனுப்ப முடியும்.